ஈயம் கட்டிய மாளிகை

மாங்காட்டுக் காமாட்சி அம்மனைத் தரிசித்துவிட்டு வரும் பெண்மணிகள் நேராக வீடு திரும்புவது அபூர்வம். பூக்கடை, வளையல் கடை, பாத்திரக் கடை என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் பஸ்ஸைப் பற்றிய ஞாபகம் வருகிறது. பாத்திரக் கடையில் ஈயச் சொம்பு கண்ணில் பட்டுவிட்டால் போதும். அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நகர மனம் வருமா? பார்வைக்குச் சிறியது, கையில் எடுத்தால் கனம். விலையைக் கேட்டாலோ அதைவிடக் கனம்!

இருந்தாலும் என்ன? புளியும் மிளகும் பருப்புத் தண்ணீரும் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். ஈயச் சொம்பில் கொதித்த ரசத்துக்கு மட்டும் ஒரு தனி மணம் என்று சொல்லாத பாட்டி உண்டா? 'வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நிற்காதே' என்று எச்சரிக்காத மாமியார்தான் உண்டா? எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஈயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும் வரையில் சொம்பு பிழைக்கும். நீர் வற்றினால் சொம்பும் போயிற்று.

இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். காரீயம் வேறு; அது நஞ்சு, சமையலுக்கு ஆகாது. பித்தளைப் பாத்திரங்களைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, பஞ்சால் தேய்த்துப் பளபளவென்று பூசித் தருவார்களே, அதுவும் இந்த வெள்ளீயந்தான். மண்ணெண்ணெய்த் தகரத்திலும் பிஸ்கோத்து டப்பாவிலும் இரும்புத் தகட்டுக்குத் துருப் பிடிக்காமல் காத்ததும் இதுதான்.

நம் தேசத்து மண்ணில் வெள்ளீயம் மிகச் சொற்பம். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் கப்பலேறி மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஈயத்தால் வளர்ந்து, ஈயத்தால் செழித்து, ஈயம் போனதும் இளைத்த ஊர் ஒன்று இருக்கிறது. ஈப்போ என்பது அதன் பெயர். ஈப்போவின் ரயில் நிலையத்துக்கு மேலே, ராஜாவின் அரண்மனையோ என்று வந்தவர்கள் மயங்கும்படியாக ஒரு விடுதி எழுந்தது. அந்த விடுதியின் கதையில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

நச்சு மரத்தின் பெயர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஈப்போ. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், குன்றுகளுக்குள் குகைகள். 'பேராக்' என்றால் மலாய் மொழியில் வெள்ளி. மண்ணில் கிடைத்த ஈயத்தின் வெண்மையைப் பார்த்து அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று சொல்வதுண்டு.

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். காட்டில் வாழும் ஆதிக்குடி மக்கள் அதன் பாலை எடுத்து, ஊதுகுழல் அம்புகளின் நுனியில் தடவுவார்கள். அம்பு தைத்த பிராணி பிழைப்பது அரிது. இப்படிப்பட்ட ஒரு நச்சு மரத்தின் பெயரை எந்த ஊராவது ஆசையாக வைத்துக்கொள்ளுமா? ஈப்போ வைத்துக்கொண்டது. அதோடு நிற்காமல், ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பூங்காவில் அந்த மரத்தையே பேணி வளர்த்து வருகிறது!

1874இல் பேராக் சுல்தானின் அரசில் ஆங்கிலேயர் கால் ஊன்றினார்கள். 1880களில் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் ஏராளமாக இருப்பது வெளிப்பட்டது. சீனத்திலிருந்து ஆயிரக் கணக்கானோர் வந்து குவிந்தார்கள். ஆற்றங்கரைக் குடிசைகள் தெருக்களாயின. 1892இல் ஒரு பெருந்தீ ஊரின் பெரும் பகுதியைப் பொசுக்கிற்று. அதன் பிறகு நேர் நேரான வீதிகளோடு புது ஊர் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், உலகத்தின் ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாய் நாட்டிலிருந்துதான் போயிற்று. கோடீசுவரர்களின் ஊர் என்று ஈப்போவுக்குப் பெயர் வந்ததில் ஆச்சரியம் என்ன?

பணம் வந்தால் அதன் பின்னால் வருவனவும் வரத்தானே செய்யும்? பழைய ஈப்போவில் மூன்று சந்துகள் இருக்கின்றன. ஒரு சுரங்க முதலாளி தம்முடைய மூன்று மனைவியருக்கு ஆளுக்கொரு சந்தாக எழுதி வைத்தாராம். அவற்றில் ஒன்றை இன்றும் 'ஆசை நாயகி சந்து' என்றே உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டுகிறார்கள். மூன்று பேருக்கும் சந்து கிடைத்தது. நிம்மதி கிடைத்ததா என்பதைக் கதை சொல்லவில்லை.

தண்டவாளம் போட்ட கைகள்

ஈயத்தைத் தோண்டிவிட்டால் போதாது. கப்பலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். யானையும் மாட்டு வண்டியும் படகும் எத்தனைதான் சுமக்கும்? மலாய் நாட்டின் முதல் ரயில் பாதை ஈயத்துக்காகவே போடப்பட்டது. பேராக் மாநிலத்திலேயே இருந்த மற்றொரு ஈய நகரமான தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை, சுமார் எட்டு மைல் தூரம், 1885 ஜூன் முதல் தேதி ரயில் ஓடத் தொடங்கிற்று. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குள் ஈப்போவுக்கும் தண்டவாளம் வந்துவிட்டது.

காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் கல்லைக் கொட்டி, கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் ஈடு கொடுத்து அந்தப் பாதைகளைப் போட்டவர்கள் யார்? இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன தொழிலாளிகள். பாதை போட்டு முடிந்ததும் அதைப் பழுது பார்த்துக் காத்தவர்களும் அவர்களே. ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்ற தமிழர்கள் ஏராளமாகப் போனார்கள்.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரப் பிரயாணம். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' என்ற கப்பலை மறக்காத குடும்பங்கள் தஞ்சை ஜில்லாவில் இன்னும் இருக்கின்றன. பெட்டியும் படுக்கையும் ஊறுகாய் ஜாடியுமாக மேல்தளத்தில் உட்கார்ந்து பினாங்கு போய்ச் சேர்ந்தவர்கள், அங்கிருந்து படகில் அக்கரை சென்று ரயில் ஏறுவார்கள். ஒருவர் ரப்பர்த் தோட்டத்துக்குப் போவார். ஒருவர் ரயில்வேக்குப் போவார். ஒருவர் ஈப்போவில் இறங்கிக் கடை வைப்பார். ஊரின் குன்று ஒன்றில் கல்லுமலை முருகனுக்குக் கோயில் எழுந்தது. தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியுமாக அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், கடல் கடந்து வந்த எண்ணமே மறந்துவிடும்.

எழும்பூருக்கு ஒரு தங்கை

கோடீசுவரர்களின் ஊருக்கு ஒரு சாதாரண ரயில் நிலையம் பொருந்துமா? பழைய நிலையத்தை அகற்றிவிட்டு, 1914இல் புதிய கட்டடத்தைத் தொடங்கினார்கள். திட்டம் வரைந்தவர் ஆர்தர் பெனிஸன் ஹப்பக் என்ற ஆங்கிலேயர். கோலாலம்பூரின் புகழ் பெற்ற ரயில் நிலையத்தை 1910இல் உருவாக்கியவரும் அவரே.

தொடங்கிய ஆண்டைக் கவனித்தீர்களா? அந்த ஆண்டுதான் முதல் உலக யுத்தமும் மூண்டது. சாமான்கள் வந்து சேரவில்லை, விலைகள் ஏறின. கட்டடம் இழுத்துக்கொண்டே போய் 1917இல்தான் முடிந்தது. ஹப்பக்கோ யுத்தத்துக்குப் போய், பிரிகேடியர் ஜெனரல் பதவி வரையில் உயர்ந்தார். இது முதலில் ஆஸ்பத்திரிக்கென்று போட்ட திட்டம் என்று ஊரார் சொல்வதும் உண்டு.

சென்னையில் எழும்பூர் ஸ்டேஷனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இந்தியக் கும்மட்டமும் ஐரோப்பிய வளைவும் கலந்த பாணி அது. 1908இல் திறக்கப்பட்டது. ஈப்போ ஸ்டேஷனை அதற்கு ஒரு தங்கை என்று சொல்லலாம். நிறம் மட்டும் வேறு. அக்காள் சிவப்பு, தங்கை வெள்ளை வெளேர். நடுவில் பெரிய கும்மட்டம், பக்கங்களில் சிறிய ஸ்தூபிகள், கீழே வரிசையாக வளைவுகள். 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று ஊரார் செல்லமாகப் பெயர் வைத்தார்கள். எதிரே இருக்கும் நகர மண்டபமும் ஹப்பக்கின் வேலைதான். இரண்டும் வெள்ளை மாளிகைகளாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

கீழே ரயில் நிலையம். அதற்கு மேலே விடுதி. முதலில் வெறும் ஸ்டேஷன் ஹோட்டல். பிற்காலத்தில் 'மெஜஸ்டிக்' என்ற பட்டப் பெயரும் சேர்ந்துகொண்டது. அதன் பெரிய அழகு, கட்டடத்தின் முன்புறம் முழுவதும் ஓடும் தாழ்வாரம். ஏறத்தாழ 600 அடி நீளம்! சளைக்காமல் ஓடுகிற குழந்தையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் களைத்துவிடும். மலாய் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் அந்தத் தாழ்வாரந்தான் குடை. அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பூங்காவும் நகர மண்டபமும் கண்ணுக்கு விருந்து.

ரயிலடியில் எதற்கு இத்தனை பெரிய விடுதி? நம் ஊர் ஸ்டேஷன்களில் பிரயாணிகள் தங்கும் அறைகள் இருக்கின்றன அல்லவா? அதே தேவைதான், ஆனால் துரைமார்களின் தரத்தில். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் தனித்திருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பாங்கி வேலை, கோர்ட்டு வேலை, சாமான் வாங்கும் வேலை எல்லாவற்றுக்கும் ஈப்போதான் பட்டணம். ரயிலை விட்டு இறங்கினால் படியேறிப் படுக்கைக்குப் போகலாம். காலையில் படியிறங்கி ரயிலேறலாம். மழைத் துளி மேலே பட வேண்டியதில்லை.

மாடிக்கு வராதவர்கள்

அந்த மாடியில் ஓர் அறையின் வாடகையும் இரவுச் சாப்பாடும் சேர்ந்து என்ன ஆகியிருக்குமோ, கீழே தண்டவாளத்தில் நின்றவருக்கு அது எட்டாக்கனிதான். 1920களின் கடைசியில் மலாய் நாட்டின் பல தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகளுக்கு அதிகாரிகள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நூறு காசு சேர்ந்தால் ஒரு வெள்ளி. ஒரே வெயில், ஒரே தோட்டம். பெண்ணின் வியர்வைக்கு மட்டும் பத்துக் காசு தள்ளுபடி!

ஈயத்திலும் பெண்களின் உழைப்பு உண்டு. அது எப்படி என்பது நம் வாசகிகளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். அரிசியில் கல் அரித்திருக்கிறீர்கள் அல்லவா? பாத்திரத்தில் நீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றி அலசினால் இலேசான அரிசி மேலே வந்துவிடும். கனமான கல் அடியில் தங்கிவிடும். ஈயத் தாது நீரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு கனம். மணலோ இரண்டரை மடங்குதான். ஆகவே அகன்ற மரத் தட்டு ஒன்றில் ஆற்று மணலை வாரி, நீரில் சுழற்றினால் மணல் போய்விடும். கறுப்புப் பொடியாகத் தாது அடியில் நிற்கும். 'டூலாங்' என்று அந்தத் தட்டுக்கு மலாய் மொழியில் பெயர்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள். சர்க்காரிடம் லைசென்சு வாங்கிக்கொண்டு, அகன்ற தொப்பியும் நீண்ட கைச் சட்டையுமாக இடுப்பளவு நீரில் நாள் முழுவதும் குனிந்து நிற்பார்கள். பெரிய கம்பெனிகளின் இயந்திரங்கள் விட்டுப்போன துளிகளைச் சேர்த்துத் தங்கள் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். நம் பாட்டிமார்களின் ஈயச் சொம்பில் அவர்கள் கை அலசிய ஈயமும் இரண்டு துளி கலந்திருக்கலாம்.

விடுதியின் விருந்தினர் புத்தகத்தில் இவர்கள் பெயர்கள் ஏறியிருக்க வழியில்லை. தட்டில் தாதை அலசியவளும் பாதையில் கல்லைக் கொட்டியவனும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்த பணத்தில்தான் அந்தக் கும்மட்டம் எழுந்தது. அவர்கள் அதைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

வடக்கே போன ரயில்கள்

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாய் நாட்டுக்குள் புகுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போய்விட்டது. பிறகு வந்தது, மலாய் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்லும் காலம். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டின் நடுவே ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகத் திரட்டினார்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், அது பலிக்காதபோது பலவந்தமாகவும் ரயிலில் ஏற்றினார்கள். கோலாலம்பூரிலிருந்து சயாமுக்குப் போகும் பாதை ஈப்போ வழியாகத்தான் செல்கிறது.

1942க்கும் 1943க்கும் இடையே அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளிகள் பதினாயிரக் கணக்கில். அவர்களில் தமிழர் மிகப் பலர். போனவன் திரும்பவில்லை, செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் வருஷக் கணக்கில் வாழ்ந்த பெண்கள் உண்டு.

ஈப்போ ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு போர் நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலக யுத்தத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பிய தூண் அது. அந்த மரண ரயில் பாதையில் மாண்டவர்களையும் நினைவு கூரும் பலகை ஒன்று பிற்காலத்தில் அங்கே சேர்ந்தது. விடுதித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரியும்.

ஒரு வியாழக்கிழமை

யுத்தம் முடிந்தது. 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. துரைமார்கள் போனார்கள், விடுதி நின்றது. ஆற்றுப் படுகைகளில் மிதந்தபடி மண்ணை அள்ளி அலசும் ராட்சச இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. ஈயம் இருக்கும் வரையில் ஈப்போவுக்கு என்ன குறை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

குறை வெளியிலிருந்து வந்தது. பானங்களின் டப்பாக்கள் அலுமினியத்துக்கு மாறின. பிளாஸ்டிக் வந்தது. பிரேசில் முதலிய தேசங்கள் மலிவான ஈயத்தைச் சந்தையில் கொட்டின. விலை சரியாமல் தாங்கிப் பிடிக்க ஒரு சர்வதேச ஈய மன்றம் இருந்தது. விலை இறங்கும்போதெல்லாம் அது ஈயத்தை வாங்கி வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. ஒரு நாள் அதன் பணப்பை காலியாயிற்று. 1985 அக்டோபர் 24, வியாழக்கிழமை. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது.

கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூடின. கூலி ஆட்கள், மெக்கானிக்குகள், கணக்குப் பிள்ளைகள், அவர்களை நம்பியிருந்த காப்பிக் கடைகள், தையற்காரர்கள், நகைக் கடைகள் எல்லாருக்கும் அடி. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். வீட்டில் கிழவர்கள் மிஞ்சினார்கள்.

அதே 1985இன் தொடக்கத்தில்தான் சென்னைக்கு வந்துகொண்டிருந்த 'சிதம்பரம்' கப்பலில் தீப் பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு அந்தக் கப்பல் பிரயாணமும் முடிந்தது. ஒரே ஆண்டில் ஈப்போத் தமிழர்களுக்குப் பிழைப்பின் வழியும் ஊருக்குப் போகும் வழியும் மாறிப்போயின.

கீழே கூட்டம், மேலே மௌனம்

விடுதி உடனே சாகவில்லை. பழமையை விரும்பும் பிரயாணிகள் வந்து தங்கினார்கள். நீண்ட தாழ்வாரத்தைப் படம் பிடித்தார்கள். உயரமான கூரையை வியந்தார்கள். ஆனால் பழைய கட்டடத்துக்கு வருமானத்தைவிட வைத்தியச் செலவு அதிகம் அல்லவா? இந்த நூற்றாண்டில் விடுதி மூடப்பட்டது.

விசித்திரம் என்னவென்றால், அதன் காலடியில் ஸ்டேஷன் முன்னைவிட மும்முரமாயிற்று. பாதையை இரட்டையாக்கி மின்சாரமும் கொண்டுவந்தார்கள். 2010 முதல் விரைவு மின்சார ரயில் ஓடுகிறது. கோலாலம்பூர் இப்போது சுமார் இரண்டரை மணி நேரப் பிரயாணம். அதனாலேயே வழியில் ஓர் இரவு தங்க வேண்டிய அவசியம் போய்விட்டது! ரயில்தான் அந்த விடுதியைப் பெற்றது. ரயிலின் வேகமே அதன் பிழைப்பையும் குறைத்தது.

ஊரும் ஒரு வழியாக எழுந்து உட்கார்ந்தது. சுரங்கக் குழிகள் ஏரிகளாயின. சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். 'வெள்ளைக் காப்பி' என்று ஈப்போவின் காப்பி பேர் வாங்கிவிட்டது. பால் மட்டும் சேர்த்த காப்பி என்று எண்ணிவிடாதீர்கள்; காப்பிக் கொட்டையைப் பனைக் கொழுப்பு மார்கரினில் இளம் பக்குவமாக வறுப்பதில் இருக்கிறது அதன் ரகசியம். 2014இல் பழைய தெருச் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள் தீட்டினார்கள். விடுமுறை நாட்களில் அந்தச் சந்துகளில் நடக்க இடம் இராது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆலைச் சங்கின் ஓசையை வைத்து அடுப்பு மூட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே தொழிலை நம்பிய ஊர், ஒரே சம்பளத்தை நம்பிய வீட்டைப் போன்றது. நன்றாக நடக்கும் வரையில் யாரும் அடுத்த வழியை நினைப்பதில்லை. ஈப்போவின் கோடீசுவரர்களும் நினைக்கவில்லை. ஊரை மறுபடி தூக்கி நிறுத்தியவை, அவர்கள் காலத்தில் யாரும் பெரிதாக மதிக்காத காப்பிக் கடையும் பழைய சந்துகளும் கூலிக்காரர்கள் போட்ட தண்டவாளமும்தான்.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உங்களுக்கு உறவினர் இருப்பார்கள். பார்க்கப் போகும்போது ஈப்போவில் ஒரு வேளை இறங்குங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் கும்மட்டத்தைப் படம் பிடிக்கத்தான் கை போகும். பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிரேயுள்ள பூங்காவுக்குப் போய், அந்த நினைவுப் பலகையையும் படியுங்கள். அந்தப் பாதையில் மாண்ட நம்மவர்களின் பெயர்களைத் தனித்தனியே எழுத முடியாது. ஒரு பூவாவது வைத்துவிட்டு வரலாம்.